சொன்னதைக் கேட்கவில்லை: ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பணியாளர்களும் செவித்திறன் இழப்பும்

தமிழில் ‘கேள்’ என்னும் வினைச்சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. ஒலி காதில் விழுவதும் கேட்பதுதான். சொன்னபடி நடப்பதும் கேட்பதுதான். ‘இவன் சொன்னால் கேட்பதில்லை’ என்று ஒரு தாய் அலுத்துக்கொண்டால், அவர் பிள்ளையின் பணிவைப் பற்றிப் பேசுகிறார் என்றே எடுத்துக்கொள்வோம். காதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மத்திய ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ஜஜாரா மொழியிலும் ‘குலினி’ என்ற ஒரே சொல் கேட்பது, எண்ணிப் பார்ப்பது, புரிந்துகொள்வது ஆகிய மூன்றையும் குறிக்கிறது. செவியையும் அறிவையும் ஒரே சொல்லில் கட்டிவைப்பது மொழிக்கு அழகுதான். ஆனால் பணியிடத்தில் ஒருவர் காதில் விழாமற்போன சொல், அவர் அலட்சியம் செய்த சொல்லாக எழுதிவைக்கப்படும்போது அவருடைய பிழைப்பே ஆட்டங்காண்கிறது. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிப் பணியாளர்கள் பலருக்கு நேர்வது இதுதான்.

இது எவ்வளவு பரவலானது என்பதை 2018–19ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் புள்ளியியல் அமைப்பு நடத்திய தேசியப் பூர்வகுடி மற்றும் டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் நலக் கணக்கெடுப்பு காட்டியது. அந்தக் கணக்கெடுப்பில் மக்களைக் கேள்வி கேட்டதோடு நிற்காமல், விரும்பியவர்களின் செவித்திறனையும் கருவி வைத்து அளந்தார்கள். ஏழு வயதுக்கு மேற்பட்ட பூர்வகுடி மக்களில் 43 சதவீதத்தினருக்கு ஒரு காதிலோ இரு காதுகளிலுமோ செவித்திறன் இழப்பு இருந்தது. ஒதுக்குப்புறப் பகுதிகளில் அது 59 சதவீதம். பிற பகுதிகளில் 39 சதவீதம். இந்த எண்களைவிட முக்கியமானது மற்றொன்று. சோதனையில் இழப்பு கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர், தமக்கு நீண்டகாலச் செவிக் குறைபாடு இருப்பதாகச் சொல்லியிருக்கவில்லை. குழந்தைப் பருவத்திலிருந்தே உலகம் இந்த அளவு ஒலியுடன்தான் கேட்டு வந்திருக்கிறது என்றால், அதற்கு மேல் ஒலி உண்டு என்பதை ஒருவர் எப்படி அறிவார்? ஆகவே வேலைக்குச் சேரும் நாளில் நிரப்பும் படிவத்தில் ‘உங்களுக்குக் காது கேட்பதில் சிக்கல் உண்டா’ என்று ஒரு கட்டம் வைப்பதால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலோர் நேர்மையாகவே ‘இல்லை’ என்று எழுதுவார்கள்.

நாம் வழக்கமாக அறிந்த செவிட்டுத்தன்மையிலிருந்து இந்த இழப்பு வேறுபட்டது என்பதால், அதன் தோற்றத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். முதுமையிலும் இரைச்சலிலும் வரும் இழப்பு உட்செவியில் உள்ள நுண்மயிர் அணுக்கள் அழிவதால் உண்டாகிறது. பூர்வகுடிச் சமூகங்களில் மிகுந்து காணப்படுவதோ நடுச்செவியில் தொடங்குவது. நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற நுண்ணுயிரிகள், நெருக்கமான வீடுகளில் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே அதன் மூக்கின் பின்பகுதியில் குடியேறிவிடுகின்றன. அங்கிருந்து அவை நடுச்செவிக்குள் நுழைகின்றன. செவிப்பறைக்குப் பின்னால் திரவம் தேங்குகிறது, அழுத்தம் கூடிச் செவிப்பறை கிழிகிறது, சீழ் வடிகிறது, ஆறுகிறது, மீண்டும் கிழிகிறது. நாட்பட்ட சீழ்வடியும் நடுச்செவி அழற்சி ஒரு மக்கள் தொகுதியின் குழந்தைகளில் 4 சதவீதத்தைத் தாண்டினாலே அது உடனடியாகக் கவனிக்கப்பட வேண்டிய பெரும் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. வடக்குப் பிரதேசத்தின் ஒதுக்குப்புறச் சமூகங்கள் பலவற்றில் அந்த எல்லை நெடுங்காலமாகவே பலமடங்கு மீறப்பட்டிருப்பதை, டார்வினில் உள்ள மென்சீஸ் சுகாதார ஆய்வுப் பள்ளியின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. போதுமான வீடுகள் இல்லாமை, கழுவுவதற்குத் தடையற்ற நீர் இல்லாமை, புகை, தொலைவில் இருக்கும் மருத்துவமனை ஆகியவையே வேர்கள். இதை ஓர் இனத்தின் உடற்கூற்றுக் குறையாகப் பேசுவது தவறு. வசதி குறைந்த நெருக்கடியான குடியிருப்பில் வாழும் எந்தக் குழந்தைக்கும் வரக்கூடிய நோய் இது.

பேச்சும் மொழியும் மூளையில் தடம்பதிக்கும் ஆண்டுகள் இந்த நோயிலேயே கழிகின்றன. அதன் விளைவாக வளர்ந்த பின் மூன்று எச்சங்கள் தங்கலாம். செவிப்பறையில் ஆறாத துளையோ தழும்போ இருந்து ஒலியை மங்கச் செய்யலாம். சளி பிடிக்கும்போது கேட்கும் அளவு மேலும் குறைந்து, பிறகு ஓரளவு மீளலாம். காது இப்போது நன்றாகவே இருந்தாலும், பல குரல்கள் கலந்த இரைச்சலிலிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்கும் திறன் மூளையில் போதிய அளவு வளராமல் இருந்துவிடலாம். மூன்றாவது வகையினரை அமைதியான அறையில் நடத்தும் சாதாரணச் செவிச் சோதனை கண்டுபிடிப்பதே இல்லை. இரண்டாவது வகையினரோ மேற்பார்வையாளரைக் குழப்புகிறார்கள். திங்களன்று சொன்னதைச் சொன்னபடி செய்தவர், வியாழனன்று அதே சொல்லுக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால், ‘வேண்டும்போது நன்றாகக் கேட்கிறதே’ என்ற முடிவுக்கு வருவது எளிது. உலகெங்கும் காது மந்தமானவர்கள் மீது சுமத்தப்படும் இந்தப் பழி, ஏறி இறங்கும் செவித்திறன் உள்ளவர்கள் மீது இன்னும் கனமாக விழுகிறது.

ஒரு காட்சியை மனத்தில் கொண்டுவந்து பார்க்கலாம். ஒதுக்குப்புற ஊரொன்றின் தகரக் கொட்டகை. காலை ஏழு மணி. மேலே ஏசி இரைகிறது, வெளியே டீசல் மின்னாக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. பத்துப் பேர் நிற்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த மேற்பார்வையாளர் கையிலுள்ள தாளைப் பார்த்தபடி, வேகமான ஆங்கிலத்தில் அன்றைய வேலையையும் அதில் உள்ள ஆபத்துகளையும் சொல்லி முடிக்கிறார். ‘எல்லோருக்கும் புரிந்ததா’ என்கிறார். எல்லோரும் தலையசைக்கிறார்கள். அரை மணி நேரத்தில் இருவர் தவறான வண்டியில் தவறான இடத்துக்குப் போகிறார்கள். அவர்களுடைய காதுகளில் விழுந்தது என்ன என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

அந்தத் தலையசைப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே பல இழைகள் சிக்கிக்கிடப்பது தெரியும். முதலாவது மொழி. வடக்கிலும் மையத்திலும் வாழும் பூர்வகுடி மக்கள் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது, நான்காவது மொழி. தமிழர்களுக்கு இது எளிதில் விளங்கக்கூடிய ஒன்று. ஆஸ்திரேலிய மொழிகளில் பெரும்பாலானவை, தமிழைப் போலவே, ஆங்கிலத்தின் ‘p’, ‘b’ போன்ற அதிர்வற்ற, அதிர்வுடைய ஒலிகளுக்கு இடையே பொருள் வேறுபாடு காட்டுவதில்லை. ‘ஸ’, ‘ஃப’ போன்ற உரசொலிகள் அவற்றில் பொதுவாக இல்லை. அதற்கு மாறாக, நம் ல, ள வேறுபாட்டைப் போல, நாவின் இடத்தை நுணுக்கமாகப் பிரிக்கின்றன. தலைமுறை தலைமுறையாக வந்த செவிநோயே, எளிதில் கேட்கக்கூடிய ஒலிகளை இந்த மொழிகள் தேர்ந்துகொள்ளக் காரணமாக இருக்கலாம் என்று ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஒலிப்பியலாளர் ஆண்ட்ரூ புட்சர் ஒரு கருதுகோளை முன்வைத்திருக்கிறார். கருதுகோள் சரியோ தவறோ, நடைமுறை ஒன்றுதான்: ஆங்கிலச் சொற்களைப் பிரித்துக்காட்டும் மெல்லிய உரசொலிகள்தான் இரைச்சலிலும் மந்தமான காதிலும் முதலில் மறைகின்றன. ஆங்கிலத்தில் அறுபதையும் ஐம்பதையும் குறிக்கும் ‘சிக்ஸ்டி’, ‘ஃபிஃப்டி’ என்ற சொற்கள் இயந்திர இரைச்சலின் நடுவே எவ்வளவு நெருங்கிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

இரண்டாவது இழை மரியாதை. அதிகாரத்தில் உள்ளவர் கேட்கும் கேள்விக்கு, உடன்படுகிறோமோ இல்லையோ, புரிந்ததோ இல்லையோ, ‘ஆம்’ என்று சொல்லிவைப்பது பூர்வகுடி உரையாடல்களில் அடிக்கடி காணப்படும் ஒன்று என்பதை மொழியியலாளர் டயானா ஈட்ஸ் நீதிமன்றச் சூழலை வைத்து விரிவாக விளக்கியிருக்கிறார். அந்த ‘ஆம்’ என்பதற்கு ‘நான் உங்களோடு மோத விரும்பவில்லை’ என்பதே பொருளாக இருக்கலாம். மூன்றாவது இழை கூச்சம். பூர்வகுடி ஆங்கிலத்தில் ‘ஷேம்’ என்று சொல்லப்படும் உணர்வு, நாம் வெட்கம் என்று சொல்வதைவிட ஆழமானது. நாலு பேர் நடுவில் தனித்துத் தெரிவது, பாராட்டாக இருந்தாலும்கூட, ஒருவரைக் குறுகச் செய்யும். எல்லோர் முன்னிலையிலும் கையை உயர்த்தி ‘எனக்குக் கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்பது அத்தகைய ஒருவருக்கு மிகப் பெரிய செயல். நான்காவதாக, மூத்தவரை நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது பல பூர்வகுடிச் சமூகங்களில் நாகரிகமன்று. அதனால், உதட்டசைவைப் பார்க்க வேண்டிய தேவை உள்ளவரும் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள நேர்கிறது.

இந்த இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதால், செவித்திறன் இழப்பு கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. பேசாமல் இருந்தால் ‘அது அவர்கள் பண்பாடு’ என்று ஒருவர் விளக்கம் சொல்கிறார். தவறு செய்தால் ‘ஆங்கிலம் போதாது’ என்கிறார் இன்னொருவர். வேலைக்கு வராமல் நின்றுவிட்டால் ‘ஆர்வமில்லை’ என்கிறார்கள். டார்வினைச் சேர்ந்த உளவியலாளர் டேமியன் ஹோவர்ட் பல ஆண்டுகளாக எழுதிவந்த கட்டுரைகளில் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவது இந்தத் தவறான விளக்கங்களைத்தான். பண்பாட்டை மதிக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே சில வேளைகளில் காதைப் பார்க்கவிடாமல் மறைத்துவிடுகிறது என்பதே என் கருத்தும். இதே தவறு இன்னும் கடுமையான இடத்தில் நிகழ்ந்ததை ஹோவர்டும் டிராய் வாண்டர்போலும் 2012இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது: டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சிறைகளில் சோதிக்கப்பட்ட பூர்வகுடிக் கைதிகளில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோருக்குக் குறிப்பிடத்தக்க செவித்திறன் இழப்பு இருந்தது. காவலர் சொன்னது காதில் விழாததும் கட்டளையை மீறியதும் அங்கே ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் ஆயிரக்கணக்கானோர் திறம்பட வேலை செய்கிறார்கள் என்பதைக் குறைபாட்டைப் பற்றி மட்டுமே எழுதுபவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அவர்கள் கூர்ந்து பார்த்துக் கற்கிறார்கள். முகத்தையும் கையையும் சூழலையும் படித்து, சொல்லப்படாததை ஊகித்துக்கொள்கிறார்கள். தம்மை நன்கறிந்த உறவினரோடு சேர்ந்து வேலை செய்யும்போது, ஒரு சாடையே போதுமானதாக இருக்கிறது. வார்ல்பிரி போன்ற பாலைவனச் சமூகங்களில் வளமான கைமொழி மரபு உண்டு. கணவனை இழந்த பெண்கள் துக்கம் காக்கும் நீண்ட காலத்தில் பேச்சைத் தவிர்த்துக் கைகளாலேயே உரையாடுவார்கள். சைகை ஆய்வாளர் ஆடம் கெண்டன் 1988இல் வெளியிட்ட ஆய்வு இந்த மரபை விரிவாகப் பதிவுசெய்தது. வேட்டையில் ஓசையின்றிப் பேசவும் தொலைவில் உள்ளவரை அழைக்கவும் கைச்சாடை பயன்படுகிறது. ஆகவே கண்ணால் கேட்பது அங்கே மதிப்புள்ள திறமை. அந்தத் திறமையைப் பணியிடம் அறியாமலேயே முறித்துப்போடுவதும் உண்டு. உறவினர்கள் ஒரே குழுவில் இருப்பது ஒழுங்குக்குப் பொருந்தாது என்று பிரித்துவிட்டால், காது மந்தமானவரின் செவித்துணையையே பறித்ததாகிவிடும்.

பதவி உயர்வு இன்னொரு கண்ணி. வெளிவேலையில் சிறந்து விளங்கும் ஒருவரை, ஒரு வனக்காவலரையோ சுகாதாரப் பணியாளரையோ எடுத்துக்கொள்ளலாம். அவரை அலுவலகத்துக்குள் கொண்டுவந்து ஒருங்கிணைப்பாளராக்குகிறார்கள். அதுவரை பார்த்துப் பார்த்துச் செய்த வேலை இப்போது கேட்டுக் கேட்டுச் செய்யும் வேலையாக மாறுகிறது. நாள் முழுவதும் தொலைபேசி, காணொளிக் கூட்டம், ஒரே நேரத்தில் மூவர் பேசும் மேசை. சில மாதங்களில் அவர் கூட்டங்களைத் தவிர்க்கத் தொடங்குகிறார், பிறகு விலகிவிடுகிறார். மந்தமான காதோடு நாள் முழுக்க முயன்று கேட்பது எவ்வளவு களைப்பூட்டும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். அந்தக் களைப்பு வருகைப் பதிவேட்டில் வேறு பெயரில் பதிவாகிறது.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். பூர்வகுடி மக்கள் கணிசமாக வேலை செய்யும் எந்த இடத்திலும், யாருக்குக் குறை என்று தேடி அலைவதைவிட, ஐந்தில் இருவருக்குச் சரியாகக் கேட்காது என்று எடுத்துக்கொண்டு எல்லோருக்குமான பேச்சு முறையை அதற்கேற்ப அமைப்பதே அறிவுடைமை. காலைக் கூட்டத்தை இயந்திரக் கொட்டகையை விட்டு மரநிழலுக்கு மாற்றுவதற்குப் பணம் தேவையில்லை. பேசுபவர் வெயிலுக்கு முதுகுகாட்டி நின்றால் அவர் முகம் நிழலாகத் தெரியும். அவர் வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கூடும் அறையில் ஏசியை அந்தப் பத்து நிமிடம் நிறுத்தலாம். கம்பளமும் திரைச்சீலையும் எதிரொலியைக் குறைக்கும். ‘புரிந்ததா’ என்று கேட்பதை அறவே விட்டுவிட்டு, ‘முதலில் எங்கே போகப் போகிறீர்கள்’ என்று கேட்க வேண்டும். அல்லது செய்துகாட்டச் சொல்ல வேண்டும். முக்கியமான எண்களையும் இடங்களையும் பலகையில் எழுதுவதும், பேசியதைக் குறுஞ்செய்தியாகக் கைபேசிக்கு அனுப்புவதும் நல்லது. பயிற்சிகளில் சொற்பொழிவைக் குறைத்து, ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்யும் முறையைக் கூட்ட வேண்டும். சமூகத்தின் மொழி தெரிந்த மூத்த பணியாளர் ஒருவர் அதே செய்தியைச் சிறு குழுவில் மறுபடி சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தி, அதை அவருடைய வேலையின் பகுதியாக மதித்து ஊதியமும் தர வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, நடுச்செவி இழப்புக்கு ஒலியைப் பெருக்குவது மற்ற வகை இழப்புகளைவிட நன்றாகவே பயன்படுகிறது, ஏனெனில் உட்செவி பெரும்பாலும் பழுதின்றி இருக்கிறது. ஆனால் சீழ் வடியும் காதில், காதின் வடிவில் வார்த்த அச்சைச் செருகிக் காது கேட்கும் கருவியைப் பொருத்தினால் காற்றோட்டம் தடைபட்டு நோய் வளரும். அத்தகையவர்களுக்கு, காதின் துளையை மூடாமல் எலும்பின் வழியே அதிர்வைக் கடத்தும் ஹெட்செட் ஏற்றது. அது ப்ளூடூத்தில் கைபேசியோடு இணைந்துவிடும். பார்ப்பவர்களுக்கு இசை கேட்கும் கருவியாகவே தோன்றும் என்பதால் கூச்சமும் குறைகிறது. கழுத்தில் தொங்கவிடும் எளிய ஒலிபெருக்கிக் கருவி ஒன்றை அலுவலக மேசையில் வைத்திருந்தால், நேர்காணலிலோ தனிப்பட்ட பேச்சிலோ யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஏற்கெனவே மந்தமான காதுகளுக்கும் இரைச்சலிலிருந்து பாதுகாப்பு வேண்டும். நடுச்செவி இழப்பு உள்ளவருக்கு உட்செவியும் கெட்டால் மீள வழியில்லை. ஆஸ்திரேலிய மாதிரிப் பணிப்பாதுகாப்பு விதிகள் எட்டு மணி நேரச் சராசரியாக 85 டெசிபலை எல்லையாக வைத்திருக்கின்றன. காதுக் காப்பு அணிந்து வேலை செய்ய வேண்டியவர்களுக்குப் பணியில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள்ளும், பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் செவிச் சோதனை நடத்தச் சொல்கின்றன. சீழ் வடியும் காதுக்குள் நுரைப் பஞ்சை அடைக்கச் சொல்லாமல், வெளியிலிருந்து மூடும் காதுக் காப்பைத் தர வேண்டும் என்பதையும் மேற்பார்வையாளர் அறிந்திருக்க வேண்டும்.

சட்டமும் பணமும் ஓரளவுக்குத் துணை நிற்கின்றன. 1992ஆம் ஆண்டின் மாற்றுத்திறன் பாகுபாட்டுத் தடைச் சட்டம், நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டிய கடமையை முதலாளி மீது வைக்கிறது. கருவிகள், பணியிட மாற்றங்கள், விழிப்புணர்வுப் பயிற்சி ஆகியவற்றுக்கான செலவை ‘ஜாப்அக்சஸ்’ என்ற அரசுச் சேவை வழியாகக் கூட்டரசின் வேலைவாய்ப்பு உதவி நிதியிலிருந்து கோரலாம். சிறு நிறுவனங்கள் பல இதைக் கேள்விப்பட்டதே இல்லை. தனிநபருக்கான செவிச் சேவையில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. அரசின் செவிச் சேவைத் திட்டம் 26 வயதுக்குட்பட்ட இளையோரையும், பூர்வகுடியினரில் 50 வயதைக் கடந்தவர்களையும் ஏற்கிறது. இடைப்பட்ட வயதினர் ஓய்வூதிய அட்டையோ, குறிப்பிட்ட வேலைவாய்ப்புத் திட்டங்களில் பங்கேற்பதோ போன்ற வேறு தகுதியைக் காட்ட வேண்டும். தேசிய மாற்றுத்திறன் காப்புறுதித் திட்டமோ வயதுவந்தோருக்கு நல்ல காதிலேயே 65 டெசிபல் அளவிலான இழப்பை அளவுகோலாக வைத்திருக்கிறது. நடுச்செவி நோயின் மிதமான இழப்பு அந்தப் படியை எட்டாது. ஆக, வேலை செய்து சம்பளம் வாங்கும் முப்பது, நாற்பது வயதுக்காரர்தான் இரு வாயில்களுக்கும் வெளியே நிற்கிறார். பூர்வகுடியினருக்கும் பிறருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்கான ‘இடைவெளியைக் குறைத்தல்’ தேசிய ஒப்பந்தம், 25 முதல் 64 வயதுக்குட்பட்ட பூர்வகுடி மக்களில் வேலையில் இருப்போரின் பங்கை 2031க்குள் 62 சதவீதமாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. 2016இல் 51 சதவீதமாக இருந்த அது 2021இல் 55.7 சதவீதத்தை எட்டியது. அந்த இலக்கு பேசும் வயதினரும் செவிச் சேவை கைவிடும் வயதினரும் பெரும்பாலும் ஒரே மக்கள்தான் என்பது கவலைக்குரியது.

ஆகவே பல இடங்களில் முதல் சோதனைக்கான வாய்ப்பே பணியிடம் ஏற்பாடு செய்வதாகத்தான் அமையும். அதை எல்லோருக்கும், மேலாளர் உட்பட, ஒரே நாளில் நடத்துவது நல்லது. அப்போது யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். முடிவைத் தன் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை பணியாளருக்கு உண்டு. பள்ளியிலிருந்தே ‘மந்தம்’ என்றும் ‘சொன்னதைக் கேளாதவர்’ என்றும் பெயர் வாங்கிய ஒருவர், குறை தன் அறிவில் இல்லை, செவிப்பறையில்தான் என்று நாற்பது வயதில் முதன்முறையாக அறிவது சிறிய செய்தியன்று. ஆனால் அந்த முடிவு யார் கைக்குப் போகிறது என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெளிவாக்கிவிட வேண்டும். சுரங்கங்களில் வேலைக்கு எடுப்பதற்கு முன் நடத்தும் மருத்துவப் பரிசோதனையில் செவிச் சோதனையும் இடம்பெறுவதை மக்கள் அறிவார்கள். ஒலியறைக்குள் நுழைந்தால் வேலை போய்விடலாம் என்ற அச்சம் ஊருக்குள் ஒருமுறை பரவிவிட்டால், அடுத்த ஆண்டு கேட்பியல் நிபுணர் எத்தனை கருவிகளோடு வந்தாலும் அந்த அறையின் முன் வரிசை நிற்காது.